மொத்தமான கோடும் சன்னக் கோடும்

பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கையால் படம் வரையச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எங்கள் டிராயிங் ஆபீசில் அடிக்கடி கிளம்பும். கிளப்புவது பெரும்பாலும் என் பக்கத்து மேசைத் தம்பிதான். படித்து முடித்து வந்து அதிக காலம் ஆகாத பையன். 3டி மாடலில் கை பறக்கும். நான் அரை நாள் யோசித்து வரைகிற வார்ப்பு வடிவத்தை டீ வருவதற்குள் திரையில் நிறுத்திவிடுவான். "அக்கா, ஒரு செமஸ்டர் முழுக்க சைக்ளாய்டு, இன்வல்யூட்னு வளைகோடா வரைஞ்சேன். வேலைக்கு வந்து ஒருநாள்கூட அது தேவைப்படலை. மினி டிராப்டரைத் தூக்கிட்டு பஸ்ல தொங்குனதுதான் மிச்சம்" என்பான். அவன் சொல்வதில் பொய் இல்லை. கல்லூரி திறக்கிற மாதங்களில் கோவையில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் மினி டிராப்டர் என்கிற வரைகருவியின் பையும் ஷீட் சுருட்டிப் போட்ட பிளாஸ்டிக் குழாயும் யார் தோளிலாவது இடிக்கும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்றாலே அரியர் பேப்பர் என்றுதான் ஞாபகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப்போகிற பிள்ளை, ஒரு கூம்பை எச்.பி. என்கிற கிடைத்தளத்துக்கு 30 டிகிரி சாய்த்து வைத்து வரைந்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

ஆனாலும் அந்தப் பேச்சு முடிந்து எல்லோரும் அவரவர் மேசைக்குப் போன பிறகு எனக்கு மட்டும் அது முடியாமலே இருக்கும். நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்தவள். போர்டில் தொடங்கி, டிரேசிங் ஷீட்டுக்கு மாறி, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவள். டி-ஸ்கொயர் என்கிற அந்த டி வடிவ நீள ஸ்கேலின் மேல் எனக்குப் பாசம் இருக்கிறது. அதை யார் மேலும் திணிக்க வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. கருவிகள் போகட்டும். கையால் வரையும்போது எங்களுக்குள் ஏறிய ஏதோ ஒன்று, கருவியோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அது என்ன என்று பெயர் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பட்டறையில் ஒரு லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது தெரிந்தது. அதற்கு வருவதற்கு முன்னால் பென்சிலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பென்சில்

ஐ.டி.ஐ.யில் எங்கள் வாத்தியார் முதலில் எங்களை எதையும் வரைய விடவில்லை. பென்சில் சீவ விட்டார். 2எச் ஒன்று, எச்பி ஒன்று. மரத்தைச் சீவி ஈயத்தை நீளமாக வெளியே விட்டு, அதை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். எழுத்துக்கும் அம்புக்குறிக்கும் என்றால் உருட்டி உருட்டித் தேய்த்துக் கூம்பு முனை. நீளக் கோட்டுக்கு என்றால் இரண்டு பக்கம் மட்டும் தேய்த்து உளி முனை. கூம்பு முனையால் கோடு இழுத்தால் பென்சிலை விரலுக்குள் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் தேய்ந்து, சன்னமாகத் தொடங்கிய கோடு பாதியில் அகன்றுவிடும். உளி முனைக்கு அந்தக் கவலை கிடையாது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலம். காம்பஸில் போடுகிற ஈயத்தை வெளிப்பக்கம் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஊசி முனை ஈயத்தைவிட ஒரு மயிரளவு நீண்டிருக்க வேண்டும், அது காகிதத்துக்குள் இறங்குகிற ஆழத்துக்காக.

இதெல்லாம் பழைய வித்தை என்று தோன்றும். ஆனால் இரண்டு பென்சில் எதற்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2எச்-ஆல் முதலில் படம் முழுவதையும் அடித்தளமாகப் போடுவோம். அச்சைக் காட்டும் சென்டர் லைன்கள், பிறகு வட்டங்கள், பிறகு நேர்கோடுகள், எல்லாம் சன்னமாக. படம் சரிதான் என்று உறுதியான பிறகு எச்பி-யைக் கையில் எடுத்து, பொருளின் விளிம்பு எதுவோ அதை மட்டும் கனப்படுத்துவோம். அந்த இரண்டாவது பென்சிலை எடுக்கும்போது ஒவ்வொரு கோட்டின் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கும். இது இரும்பு முடிகிற இடமா? அல்லது அளவு காட்டுவதற்காக நான் நீட்டிய கோடா? பின்னால் மறைந்திருப்பதா? அச்சு மட்டுமா? பதில் தெரியாவிட்டால் பென்சில் காகிதத்தில் இறங்காது. பக்கத்தில் வந்து நிற்கும் வாத்தியாருக்கு எங்களுக்குப் பொருள் புரிந்ததா இல்லையா என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்காது.

கனப்படுத்துவதிலும் ஒரு வரிசை உண்டு. வளைவுகள் முதலில், நேர்கோடுகள் அப்புறம். ஏனென்றால் நேர்கோட்டை வளைவோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது சுலபம். டி-ஸ்கொயரை இம்மி நகர்த்தினால் போதும். முதலில் நேர்கோட்டை இழுத்துவிட்டு வளைவைக் கொண்டுவந்து ஒட்ட வைக்கப் பார்த்தால் சந்திக்கிற இடத்தில் முழங்கை மாதிரி ஒரு துருத்தல் நிற்கும். கிடைக்கோடுகள் மேலிருந்து கீழே, செங்குத்துக் கோடுகள் இடமிருந்து வலம். அப்போதுதான் கையும் செட் ஸ்கொயரும் ஈயத்தூளை இழுத்துக்கொண்டு ஏற்கெனவே போட்ட கோட்டின் மேல் போகாது. சென்டர் லைனில் நீளத் துண்டும் குட்டைத் துண்டும் மாறி மாறி வரும் அல்லவா, வட்டத்தின் மையத்தில் நீளத் துண்டுகள்தான் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். குட்டைத் துண்டோ இடைவெளியோ மையத்தில் வந்து விழுந்தால் டிவைடரின் முனையை எங்கே ஊன்றுவது? மறைந்த விளிம்பைத் துண்டு துண்டாகக் காட்டும் ஹிட்டன் லைன் மூலையில் திரும்பினால் கோடு கோட்டைத் தொட வேண்டும், இடைவெளி வரக்கூடாது. ஒரே இடத்தில் விளிம்பும் மறைந்த விளிம்பும் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் விளிம்புக்குத்தான் முதலிடம், பிறகு மறைந்தது, கடைசியில் அச்சு. யோசித்துப் பார்த்தால் இவை எல்லாமே, நேரில் வந்து கேள்வி கேட்க முடியாத ஒருவருக்காக முன்கூட்டியே சொல்லி வைத்த பதில்கள்.

மெல்லியது வேறு, மங்கலானது வேறு

போர்டிலிருந்து டிரேசிங்குக்கு வந்தபோது இன்னொன்று புரிந்தது. அப்போது படம் எடுப்பது அம்மோனியா பிரிண்டில். மருந்து பூசிய தாளின் மேல் டிரேசிங் ஷீட்டை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கோடு இல்லாத இடத்தில் வெளிச்சம் ஊடுருவி மருந்தை அழித்துவிடும். கோடு மறைத்த இடத்தில் மருந்து தங்கும். பிறகு அம்மோனியா ஆவி பட்டதும் தங்கியது நீலமாக எழும்பும். கண்ணும் மூக்கும் எரிய அந்த அறைக்குள் நின்றவர்கள் இதைப் படிக்கும்போதே மூக்கைச் சுளிப்பார்கள். அதற்கும் முந்தைய தலைமுறையின் புளூ பிரிண்ட், ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில் வந்தது. அதில் நீலத் தாளில் வெள்ளைக் கோடு.

இரண்டிலும் ஒரு கண்டிப்பு உண்டு. பென்சிலை லேசாக அழுத்தி சாம்பல் நிறத்தில் ஒரு கோடு போட்டு, அதைச் சன்னக் கோடு என்று சொல்லி ஏமாற்ற முடியாது. வெளிச்சம் அதற்குள்ளும் புகுந்துவிடும், பிரிண்டில் கோடு பாதிப் பாதியாக வரும். சன்னக் கோடும் கன்னங்கரேல் என்றுதான் இருக்க வேண்டும். அகலத்தில் மட்டுமே வித்தியாசம் காட்டலாம். விதிப்படி மொத்தக் கோடு, அதாவது தடித்த கோடு, சன்னக் கோட்டைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு அகலம். இரண்டு மடங்கு என்றால்தான் பிரிண்ட் கொஞ்சம் மங்கினாலும், எண்ணெய்க் கை பட்டாலும், ட்யூப் லைட் ஒன்று எரியாமல் போனாலும் எது எது என்று கண் பிரித்துவிடும். இப்போது திரையில் சாம்பல் நிறத்தைக் கொடுத்து அதைச் சன்னக் கோடு என்று அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மோனியா அறை ஞாபகம் வரும்.

மையில் வரைந்தது ரோட்ரிங் பேனாவால். அந்தப் பேனாக்களின் அகலங்கள் முதலில் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தன. 0.25, 0.35, 0.5, 0.7. முழு எண்ணாகவோ ஒரே சீரான இடைவெளியிலோ வைக்காமல் ஏன் இப்படி? ஒரு சீனியர் டிராப்ட்ஸ்மேன்தான் ஏ1 தாளையும் ஏ2 தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஏ0 தாள் 841 × 1189 மி.மீ., பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, இன்னும் பாதியாக்கினால் ஏ2. எத்தனை முறை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, ஏனென்றால் அந்த விகிதம் ரூட் 2. ஜெர்மனியில் 1922-ல் டின் 476 என்ற தரமாக வந்தது இந்த அளவு வரிசை. பேனா அகலங்களும் அதே ரூட் 2 ஏணியில்தான் ஏறுகின்றன. ஏ1-ல் 0.7 பேனாவால் போட்ட கோடு, ஏ2-வாகச் சுருக்கினால் 0.5 ஆகிவிடும். அதே 0.5 பேனாவை எடுத்து அந்தச் சுருக்கிய படத்தில் திருத்தம் போடலாம், ஒட்டுப்போட்டது தெரியாது. எழுத்து உயரங்களும் 2.5, 3.5, 5, 7 என்று அதே வரிசை. எழுத்தின் கோடு அகலம் உயரத்தில் பத்தில் ஒன்று. 3.5 மி.மீ. எழுத்துக்கு 0.35 பேனா, கழுத்தில் மஞ்சள் வளையம் போட்டது. 5 மி.மீ. எழுத்துக்கு 0.5, பழுப்பு வளையம். தாள், பேனா, எழுத்து மூன்றும் ஒரே கணக்கில் கோத்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. ஒரு சின்னக் கோட்டின் அகலத்துக்குப் பின்னால் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று.

தப்பாகப் போட்ட கோட்டை பிளேடால் சுரண்டுவோம். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும், அப்படியே மையை வைத்தால் பரவும். அதனால் சுரண்டிய இடத்தை விரல் நகத்தின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் மறுபடி பேனா. ஒரே இடத்தை அதிகம் சுரண்டினால் ஷீட் ஓட்டையாகிவிடும். ஒரு கோட்டைப் போடுவதற்கு முன்னால் யோசிக்க வைக்கிற பயம் அதிலிருந்து வந்தது என்றும் சொல்லலாம்.

கவரில் இருந்த மரை

இப்போது லேத்துக்கு வருகிறேன்.

வார்ப்பிரும்புக் கவர் ஒன்று. நடுவில் எம்30 × 2 மரை, அதாவது 30 மி.மீ. விட்டத்தில், புரிக்குப் புரி 2 மி.மீ. இடைவெளியில் திருகுப் புரி. ஆழம் 25 மி.மீ. வெளியே ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குக் கொடுத்திருந்தார்கள். படம் ஏ2 தாளுக்காகத் தயாரானது. யாரோ அதை ஏ4-ல் பிரிண்ட் எடுத்து, அந்த பிரிண்டை போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஏ2-விலிருந்து ஏ4 என்றால் எல்லாம் சரிபாதி. 0.5 கோடு 0.25 ஆகிவிட்டது. 0.25 கோடு அதிலும் பாதி. 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆகி, எழுத்து என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. போன் கேமரா தன் பங்குக்கு எல்லாக் கோட்டையும் ஒரே அகலத்தில் ஊதிக் காட்டியது. துளைகளின் விவரம் படத்தின் வலது ஓரத்தில் ஓர் அட்டவணையாக இருந்தது, போட்டோவில் அந்த ஓரமே விழவில்லை. செக்‌ஷனில் (பொருளை வெட்டிக் காட்டிய படத்தில்) மரையின் வெளி விட்டத்துக்கு சாஃப்ட்வேர் தானாகப் போட்ட அளவு, விட்டம் 30 என்று மட்டும் நின்றது. எம் என்ற எழுத்து எங்கேயும் இல்லை.

மரையை எப்படி வரைவது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். திருகாணியின் புரிகளை யாரும் புரிபுரியாக வரைவதில்லை. இரண்டு கோடுதான். போல்ட்டாக இருந்தால் வெளி விட்டம் மொத்தக் கோடு, உள்ளே அடிப் பள்ளத்தின் விட்டம் சன்னக் கோடு. துளைக்குள் மரை என்றால் தலைகீழ். உள்ளே இருக்கிற சின்ன விட்டம் மொத்தம், வெளியே இருக்கிற பெரிய விட்டம் சன்னம். செக்‌ஷனில் ஹேட்சிங், அதாவது வெட்டுப்பட்ட இரும்பைக் காட்டுகிற சாய்கோடுகள், சன்னக் கோட்டைத் தாண்டிப் போய் மொத்தக் கோட்டில் முட்டி நிற்கும், இரும்பு அதுவரைக்கும் இருக்கிறது என்று காட்டுவதற்காக. முன்னிருந்து பார்த்தால் சன்னக் கோடு முக்கால் வட்டம் மட்டும். அவ்வளவுதான். கோட்டின் அகலத்தை எடுத்துவிட்டால் அங்கே மரை இருப்பதற்கு வேறு பெரிய ஆதாரம் ஒன்றும் மிஞ்சாது. டிராயிங்கில் வேறு எந்த இடத்திலும் கோட்டின் அகலம் இவ்வளவு சுமையைத் தாங்குவதில்லை என்பது என் எண்ணம்.

அந்தப் படத்தில் ஹேட்சிங்கும் தவறாக நின்றது. சாஃப்ட்வேர் அமைப்பில் ஏதோ ஒன்று மாறி, வெளிக் கோட்டிலேயே முட்டி நின்றுவிட்டது. பட்டறையில் அன்று வேலைக்கு இருந்தது ஓர் இளைஞர். அவர் பார்த்தது இதுதான்: ஹேட்சிங் முடிகிற இடத்தில் ஒரு கோடு, விட்டம் 30, ஆழம் 25. உள்ளே இருந்த கோடுகளைப் பின்னால் தெரிகிற ஏதோ விளிம்பு என்று எடுத்துக்கொண்டார். 30-க்கு அழகாகத் துளையைக் குடைந்து போர் (bore) எடுத்துவிட்டார். எம்30 × 2 மரைக்கு முப்பதிலிருந்து பிட்ச் 2-ஐக் கழித்து 28-ல் துளை போட வேண்டும், அப்புறம்தான் மரை வெட்டுகிற டேப். 30-க்கு எடுத்துவிட்டால் டேப் பிடிப்பதற்கு இரும்பே இல்லை. வைத்த லாட் முழுக்க அப்படித்தான் வந்தது.

நான் போனபோது அந்தப் பட்டறையின் மூத்த லேத்காரர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். இந்த வட்டாரத்தில் பம்பும் வால்வுமாக எத்தனையோ படம் பார்த்த கை. கவரை எடுத்து விரலை உள்ளே விட்டுத் துளையைத் தடவிப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அந்த ஏ4 தாளைப் பிய்த்து பெஞ்சில் போட்டார். எனக்குள் என்ன ஓடியது என்றால், எம் என்று ஓர் எழுத்து அதில் இல்லையே, அது எங்கள் பக்கத்துக் குறை, அதைச் சொல்லப்போகிறார் என்று. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஆறங்குல எஃகு ஸ்கேலைத் தாளில் வைத்து, உள்ளே இருந்த இரண்டு கோடுகளின் மேல் மட்டும் இரண்டு முறை அழுத்தி ஓட்டினார். ஹேட்சிங் கோடுகளை அதுவரைக்கும் நீட்டினார்.

"இப்பப் பாருங் அம்மிணி. இது மொத்தமா இருந்திருந்தா எங்க பையன் கேட்டிருப்பான், இங்க என்ன மரைங்கன்னு. எழுத்து போனாக்கூடப் போகட்டுங்க. கோடு போகக்கூடாதுங்க."

பார்த்தேன். அதே தாள், அதே விட்டம் 30, ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. ஆனால் இப்போது அது மரை. யார் பார்த்தாலும் மரை. அந்த இளைஞரும் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்ணா" என்றார். நான் இவ்வளவு காலம் பெயர் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தது அங்கே பெஞ்சின் மேல் கிடந்தது. வாத்தியார் எங்கள் கையில் இரண்டாவது பென்சிலைக் கொடுத்து எங்களைத் தயங்க வைத்தது இதற்காகத்தான். படம் வரைகிறவர் ஒவ்வொரு கோட்டிலும் எடுக்கிற முடிவு, படம் படிக்கிறவரிடம் ஒரு கேள்வியாக எழும்ப வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படாத இடத்தில் அந்தக் கேள்வியும் எழவில்லை. முப்பதுக்கு போர் ஓடிவிட்டது.

அவர் எங்கே படித்தார்

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எப்படிப் படிக்கக் கற்றார் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். டிராயிங் வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை. நல்ல படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறார். ஒரு காலத்தில் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு படமும் கோட்டை ஒழுங்காகப் போட்டு வந்ததால்தான் அது முடிந்தது. மொழியைப் பேசுகிறவர்கள் சுற்றி இருந்தால் குழந்தை பேசக் கற்றுக்கொள்வதைப்போல. இன்றைக்கு அந்த இளைஞர் பார்க்கிற படங்களில் பாதி போனில் வருபவை. அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இந்த உடன்பாடுகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒரு முப்பரிமாணப் பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் விழ வைத்து வரைகிற கணக்கை ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸின் காஸ்பார் மோன்ஜ். மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் ஒரு ராணுவ அரணின் வடிவமைப்புக் கணக்கை அவர் வரைந்தே தீர்த்துக் கொண்டுபோனபோது, இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க வாய்ப்பில்லை என்று அதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பிறகு அந்த முறையை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1794-ல் பாரிஸில் தொடங்கி அடுத்த ஆண்டு எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்ற பள்ளியில்தான் அது வெளிப்படையான பாடமாயிற்று. 1799-ல் புத்தகமாகவும் வந்தது. அதே 1794-ல்தான் சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது, பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நம் நாட்டுக்கான விதிகளை இந்தியத் தர நிர்ணய அமைப்பு கல்லூரிகளுக்காகத் தொகுத்து 1988-ல் எஸ்பி 46 என்று வெளியிட்டது. அதில் கோடுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. தொடர்ச்சியான மொத்தக் கோடு, தொடர்ச்சியான சன்னக் கோடு, கையால் இழுத்த அலைக்கோடு, சங்கிலிக் கோடு என்று வகைக்கு ஓர் எழுத்து. ஒரு மாணவர் அதை ஒரு பக்க விடையாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோவதைப் பார்க்கும்போது ஆதங்கமாக இருக்கிறது. எழுதச் சொல்லாமல், மரை உள்ள ஒரு கவரை வரையச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டியல் தானே உள்ளே போயிருக்கும்.

திரையில் எல்லாம் ஒன்றுதான்

கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் 1963-ல் ஸ்கெட்ச்பேட் செய்து காட்டியது முதல், 1982-ல் ஆட்டோகேட் வந்து சின்ன அலுவலகங்களின் மேசைக்கும் இது இறங்கியது வரை, என் போன்றவர்களின் முதுகுவலியை அது எவ்வளவோ குறைத்திருக்கிறது. கோட்டு அகலத்தையும் அது மறந்துவிடவில்லை. ஒவ்வொரு லேயருக்கும் அகலம் கொடுக்க ஓர் இடம் வைத்திருக்கிறது. சொல்லாவிட்டால் 0.25 என்று எடுத்துக்கொள்ளும். திரையில் அந்த அகலத்தைக் காட்டும் பொத்தான் வழக்கமாக அணைந்தே கிடக்கும். அதனால் நிறத்தைத்தான் பார்க்கிறோம். பேனாவைப் பிடித்துத் தாளில் வரைகிற இயந்திரமான பேனா பிளாட்டர் இருந்த நாட்களில் திரையின் நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனா. இந்த நிறம் என்றால் 0.25 பேனாவை எடு, அந்த நிறம் என்றால் 0.5-ஐ எடு என்று பிளாட்டருக்குச் சொல்லி வைப்போம். அந்தப் பழக்கம் பிளாட்டர் போன பிறகும் ஃபைலுக்குள் தொடர்கிறது. அந்தக் கணக்குத் தெரியாத ஒருவர் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் வந்து விழும். படம் அழகாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தம்பியிடம் பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். அவன் வாதம் வேறு மாதிரி போனது. "அக்கா, படமே வேண்டாம். மாடலையே அனுப்பிடலாம். அளவு, டாலரன்ஸ், மரை எல்லாம் மாடல் மேலயே இருக்கும். மெஷின் நேரா படிச்சுக்கும்." பெரிய கம்பெனிகளில் அப்படி நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் எங்கள் கவரைச் செய்தது, ஷெட்டுக்குள் பழைய லேத் வைத்திருக்கிற பட்டறை. அங்கே மாடலைத் திறக்கத் திரை இல்லை. இந்த ஊரில் எத்தனையோ பொருட்கள் அப்படிப்பட்ட பட்டறைகளில்தான் பிறக்கின்றன. அவர்கள் கையில் இருப்பது ஒரு தாள். அந்தத் தாளை ஒழுங்காகக் கொடுப்பது நம் வேலை, அவர்கள் கம்ப்யூட்டர் வாங்கும் வரை காத்திருப்பது நம் வேலை அல்ல. இதை அவனிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. போய் உட்கார்ந்து டெம்ப்ளேட்டைத் திறந்தான்.

விளிம்பு 0.5, மற்றது 0.25 என்று டெம்ப்ளேட்டிலேயே பூட்டினான். மரைக் குறிப்பு அட்டவணைக்குப் போகாமல் மரையின் மேலேயே அம்புக்குறியோடு நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தான். ஹேட்சிங் எங்கே முட்டுகிறது என்பதையும் சரிசெய்தான். நான் கேட்காத ஒன்றையும் செய்தான். தாளின் மூலையில் படத்தின் அசல் அளவை ஏ2 என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஓர் அளவுகோல் கோட்டையும் வைத்தான். சுருக்கி எடுத்தால் பட்டறையில் ஸ்கேலை வைத்ததும் தெரிந்துவிடும். இந்த யோசனை எனக்கு வரவில்லை என்பதை அவனிடமே சொன்னேன்.

முதலாண்டுப் பாடத்தைப் பற்றி இப்போது என்னிடம் கேட்டால் சைக்ளாய்டை எடுத்துவிடச் சொல்வேன். கூம்பைச் சாய்ப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் இரண்டு பென்சிலும் ஒரு ஏ3 தாளும், மரை உள்ள ஒரு நிஜப் பொருளும் கையில் கொடுக்கலாம். வெர்னியரால் அளந்து, சன்னமாகப் போட்டு, பிறகு எது விளிம்போ அதை மட்டும் கனப்படுத்தி முடிக்கட்டும். மினி டிராப்டர்கூட வேண்டாம், ஒரு ஸ்கேலும் ஒரு ஜோடி செட் ஸ்கொயரும் போதும். முடித்ததும் தாளை மேசையில் விரித்துவிட்டு எழுந்து நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். நிற்கிற தூரத்திலிருந்து பொருளின் உருவம் முதலில் கண்ணில் பட்டால் சரி. அளவுக் கோடுகள்தான் முதலில் கண்ணில் பட்டால் மறுபடி பென்சிலை எடுக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இது வேண்டுமா என்றால், அவர்கள் விருப்பம். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை.

தம்பி இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. டெம்ப்ளேட் சரியாக இருந்தால் கை எதற்கு என்கிறான். டெம்ப்ளேட்டில் எது விளிம்பு என்று முதலில் சொல்கிறவர் யார் என்று நான் கேட்கிறேன். இப்போது புதிதாக ஹிட்டன் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். செக்‌ஷன் போட்ட பிறகு அந்தத் துண்டுக் கோடுகள் எதற்கு, படத்தைக் கலக்குவதைத் தவிர அவை ஒன்றும் செய்வதில்லை என்று. பழக்கத்தில் முதலில் மறுத்தேன். படத்தை எடுத்துப் பார்த்தபோது அவன் சொன்னதுதான் சரி. மறைந்த விளிம்புக்கு அளவு கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். அளவே இல்லாத கோடு பட்டறைக்கு எதற்கு? இந்த வாரம் ஒரு கியர்பாக்ஸ் கவரை இருவருமாக அப்படித்தான் முடித்தோம். இரண்டு செக்‌ஷன், மரைகள் எல்லாம் வெட்டிக் காட்டியவை, ஒரு ஹிட்டன் லைன்கூட இல்லை. பட்டறைக்குப் போனது ஏ2 தாளிலேயே.